சுகம் விசாரித்ததாகச் சொல்லவும்

சேசு மரி சூசை

டோர்செட் பார்க், ரொறன்ரோ
14.09.2008

அன்புள்ள தம்பி அலெக்ஸாண்டருக்கும் மருமகள் ஏஞ்சலாவுக்கும்,

ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம். முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன்.

உன் போன கடிதத்தை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். கவனமாக எழுது.

எனக்கு வேலை வீடு மாறிவிட்டது. ஏஜென்சி இப்போது என்னைப் பாதர்ஸ்ற் வீதியில் தனியாக இருக்கும் ஒரு யூத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அனுப்புகிறது. பெயர் மிஸிஸ் லெவின். உடம்புக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, நாக்குக்கு இருபதுதான். வீட்டில் பால் சாமானுக்கு ஒரு சிங்க், இறைச்சிச் சாமானுக்கு வேறு சிங்க். முதல் நாளே நான் இறைச்சிக் கத்தியால் பாணுக்குப் பட்டர் பூசிவிட்டேன். மனுசி கத்தியை வாங்கி, யன்னலடியில் இருந்த பூச்சாடி மண்ணுக்குள் பிடிவரை குத்தி வைத்தார். மண்ணுக்குள் இருந்தால் கத்தி சுத்தமாகுமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“கடவுள் தெரிவு செய்த சனம் எண்டு உங்களை எங்கடை கோயிலிலையும் படிப்பிச்சவை. அது இதுக்குத்தானோ?” என்று கேட்டேன்.

“ஓம், சிங்க் கழுவத்தான். யூதர் இல்லாத உனக்குக் கடவுள் தந்தது ஏழு சட்டம். எனக்கு அறுநூற்றுச் சொச்சம். ஆர் குடுத்து வைச்சவள் எண்டு நீயே சொல்லு” என்றார். அவர் பேசுவது இங்கிலீஸ்தான். ஆனால் நம்முடைய பாசையில் எழுதினால்தான் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அவருக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். சுவிச்சைத் தொடமாட்டார். என்னைத் தொடச் சொல்லவும் கூடாது. சொன்னால் தானே தொட்டதற்குச் சமமாம். அதனால் கூரையைப் பார்த்து, “இஞ்சை நல்லா இருட்டிப்போச்சு” என்பார். நான் எழும்பிப் போய் விளக்கைப் போட வேண்டும். “இண்டைக்குக் குளிர் கூட” என்றால் ஹீற்றர். கேட்காமல் கேட்பதைப் பிடித்துக்கொள்வதில் நான் ஒரு மாதத்தில் வலு கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

எங்கள் கட்டடத்துப் பதினோராம் மாடியில் இரத்தினவேல் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். தான் ஒரு வார்த்தை சொன்னால் வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் கிடைக்காதவனுக்கும் பாஸ் கிடைக்கும் என்று லிஃப்டில் ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொள்வார். கூட்டத்துக்கு வா, ஊர்வலத்துக்கு வா என்று ஓயாத கரைச்சல். போன கிழமை அவர் முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டேன்.

ஏஞ்சலாவுக்கு மார்கழியில் பதினேழு. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கிறார்களாமே. தாயும் இல்லாத வீடு, உள்ளது நீயும் அவளும். உன்னைக் கவனமாக எழுதச் சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். மனம் அடங்குவதில்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா கிளடிஸ்


சேசு மரி சூசை

தருமபுரம்
20.10.2008

பேரன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்காகப் புனித அந்தோனியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலாவது முறையாக இடம் மாறி வந்திருக்கிறோம். கோயில் ஒரு தறப்பாள் கொட்டில். ஆனாலும் ஞாயிறு பூசைக்கு இடமில்லாமல் சனம் வெளியே நிற்கிறது. உபதேசியார் என்ற முறையில் நான்தான் பிரசங்கம் செய்கிறேன். போன ஞாயிறு இதைச் சொன்னேன்: கடவுள் ஒரு சனத்தைத் தெரிவு செய்தால் அதை வனாந்தரத்தில் அலையவிடுவார், ஆனால் கைவிடமாட்டார். நாங்களும் அப்படித் தெரிவு செய்யப்பட்ட சனம். எங்களுக்கும் கடல் பிளக்கும். கேட்டுக்கொண்டிருந்த சனம் அழுதது. அந்த யூத அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். தாங்கள் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

ஏஞ்சலாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் எப்படியோ அவளும் அப்படியே. ஒரு சின்ன இருமல் மட்டும் இருக்கிறது. வவுனியாவில் ஒரு நெஞ்சு டொக்டரிடம் காட்டினால் நல்லது என்று எனக்கு ஓர் எண்ணம். போக வர அனுமதி பெரியவர்கள் கையில்.

இரத்தினவேல் அண்ணையோடு முகத்தைத் திருப்ப வேண்டாம். நல்ல மனுசன் என்று இங்கேயும் சொல்கிறார்கள். நான் மிகவும் சுகம் விசாரித்ததாக அவருக்கு மறக்காமல் சொல்லவும்.

உங்கள் செபங்களில் எங்களை நினையுங்கள்.

தம்பி அலெக்ஸாண்டர்


சேசு மரி சூசை

டோர்செட் பார்க்
16.11.2008

அன்புள்ள தம்பிக்கும் மருமகளுக்கும்,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் கண்டு சந்தோசம்.

நீ கேட்டதை மிஸிஸ் லெவினிடம் கேட்டேன். பீற்றூற் தோலை உரித்துக்கொண்டே பதில் சொன்னார். அவர்களின் பழைய ஞானிகள் சொல்லிவைத்த கதை ஒன்று. கடவுள் தம்முடைய சட்டத்தை ஒவ்வொரு சனத்திடமும் கொண்டுபோய்க் காட்டினாராம். எல்லோரும் “உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பின்வாங்கினார்களாம். கடைசியில் இவர்களிடம் வந்தபோது, மலையைப் பிடுங்கி இவர்களின் தலைக்கு நேரே தொட்டியைக் கவிழ்த்ததுபோல் பிடித்துக்கொண்டு, ஏற்றுக்கொள்கிறீர்களா, இல்லை இதுதான் உங்கள் கல்லறையா என்று கேட்டாராம்.

“தலைக்கு மேலை மலையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா ஆர் மாட்டன் எண்டு சொல்லுவான்? தெரிவு செய்யிறது எண்டா அதுதான். உன்ரை தம்பியைக் கேட்டுச் சொல்லு, அவரின்ரை மலையை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எண்டு” என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் நற்சீரகமும் போட்டு நன்றாக அவித்து, பனங்கற்கண்டு சேர்த்துக் காலை மாலை குடுக்கவும். நெஞ்சுச் சளி மூன்று நாளில் கரையும். அதற்கு வவுனியா வரை ஏன் அலைய வேண்டும், ஷெல் விழுகிற நேரத்தில்?

உன்னுடைய இரத்தினவேல் அண்ணையை லிஃப்டில் கண்டேன். நீ சுகம் கேட்டதைச் சொல்லவில்லை. நீ பிரசங்கம் வைப்பதைச் சொன்னால் அவர் இன்னும் கொஞ்சம் ஊதிப்போவார். மனுசனுக்கு இப்போதே லிஃப்ட் கொள்ளாது.

ஏஞ்சலாவை முத்தமிட்டதாகச் சொல்.

அக்கா கிளடிஸ்


சேசு மரி சூசை

விசுவமடு
12.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மறுபடியும் இடம் மாறிவிட்டோம். நேரம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் வைத்தியத்துக்கு நன்றி. கொத்தமல்லிக்குக் கேட்கிற இருமல் அல்ல. பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்கும் இதே இருமல்தான் இருந்தது. தகப்பன் எவ்வளவோ மன்றாடியும் போன செவ்வாய் கொண்டுபோய்விட்டார்கள். ஏஞ்சலா இப்போது வெளியே வருவதில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இடம் செய்து கொடுத்திருக்கிறேன். அங்கே குளிர்காற்றுப் படாது.

தெரிவு செய்யப்பட்ட சனம் துன்பத்தைக் கண்டு பயப்படாது. நாங்கள் மன உறுதியோடு இருக்கிறோம்.

அக்கா, இரத்தினவேல் அண்ணையைச் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும். நேரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவும். நத்தார்த் திருநாளுக்கு முன் சொன்னால் நல்லது.

அன்புத் தம்பி
அலெக்ஸாண்டர்


சேசு மரி சூசை

டோர்செட் பார்க்
06.01.2009

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மூன்று இராசாக்கள் திருநாள். உங்கள் இருவருக்கும் புதுவருட ஆசீர்வாதங்கள். நான் சுகம். உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது.

எனக்குக் கோபம் வந்தது, அதை ஒளிக்கமாட்டேன். பிள்ளைக்குச் சுகமில்லை, தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறீர்கள், அதற்குள் இருந்து எழுதிய கடதாசியிலும் உனக்கு அந்த மனுசனின் சுகம்தான் முக்கியமாகப் போய்விட்டதா? நேரில் வேறு போக வேண்டுமாம். நான் போகமாட்டேன். உன் பிரசங்கமும் அவர் பிரசங்கமும் ஒன்றாகத்தான் கேட்கிறது. அந்தப் பக்கத்துக் கொட்டில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நல்லதுதானே, தகப்பன் ஏன் மறித்தான்?

இங்கே சனிக்கிழமைகளில் நட்சத்திரம் தெரிந்ததும் மிஸிஸ் லெவின் ஓய்வு நாளை வழியனுப்புவார். ஓய்வு நாளில் அவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆன்மா வந்து தங்குமாம். அது போகும்போது மனம் சோர்ந்துவிடும் என்று கராம்பை மணப்பார். பிறகு ஒரு செபம். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தவரே, எங்கள் சனத்தையும் மற்றச் சனங்களையும் பிரித்தவரே என்று போகும். போன கிழமை நான் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, “அப்ப நான் இருட்டோ?” என்றேன்.

மனுசி கராம்புச் சிமிழை என்னிடம் நீட்டினார். “மணந்து பார். இதுக்கு ஆக்களைத் தெரியாது. பிரிச்சு வைச்சது நான் நல்லவள் எண்டதாலை இல்லை. ஒரு வேலைக்கு. வேலையைச் செய்யாட்டி மற்றவையை விட எனக்குத்தான் அடி கூட” என்றார். பிறகு சிமிழை வாங்கி மூடினார். “அடி விழுந்தது” என்று மட்டும் சொன்னார்.

பிரசங்கத்தில் கடலைப் பிளக்கிறதை விட்டு அடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்.

கோபித்தாலும் அக்காதான்,
கிளடிஸ்


சேசு மரி சூசை

டோர்செட் பார்க்
15.02.2009

என் தம்பி அலெக்ஸாண்டர்,

தபால் போவதில்லை என்கிறார்கள். போகாவிட்டாலும் எழுதுகிறேன். நான் சுகமில்லை.

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு, மேசையில் வெள்ளை விரிப்பும் மெழுகுதிரியுமாக மிஸிஸ் லெவின் கதிரையில் இருந்தார். திடீரென்று நெஞ்சைப் பிடித்தார். நான் வழக்கம்போல் கூரையைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நின்றேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் ஏறியது.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போனை எடு. அம்புலன்ஸைக் கூப்பிடு” என்றார். நான் அசைவதற்குள் தானே கையை நீட்டிப் போனை எடுத்துவிட்டார். ஓய்வு நாளில் சுவிச்சைத் தொடாத கை.

உயிர் தப்பிவிட்டது. காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டேன், “உங்கடை சட்டம் என்ன மாதிரி?”

“இதுதான் சட்டம். உயிர் எண்டு வந்தா மிச்ச எல்லாம் விலகி நிக்கும். அந்த நேரத்திலை ஜாடை பேசிறது பக்தி இல்லை, விசர். நேரை கேக்க வேணும்.”

“நேரை கேக்க ஏலாத இடத்திலை ஒருத்தன் இருந்தா?”

“அப்ப மற்றப் பக்கத்திலை இருக்கிறவளுக்குக் காது இருக்க வேணும்” என்றார்.

தம்பி, நான் பஸ்ஸில் வரும்போதே உன் கடிதங்கள் ஒவ்வொரு வரியாக எனக்குள் ஒலிக்கத் தொடங்கின. இருமல். கொத்தமல்லிக்குக் கேட்காத இருமல். கொண்டுபோய்விட்டார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால். இரத்தினவேல் அண்ணையைச் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும். வெள்ளைக்காரியின் வீட்டில் இருட்டு என்றால் ஓடிப்போய் விளக்குப் போட்டவளுக்கு, சொந்தத் தம்பி இருட்டுக்குள் நின்று சொன்னது கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே பதினோராம் மாடிக்குப் போனேன். அவர் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிட்டார். பிள்ளையை வெளியே எடுக்கப் பாஸ் வேண்டும் என்று நான் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“தங்கச்சி, இதை மார்கழியிலை வந்து சொல்லியிருந்தா ஒரு ஆளைப் பிடிச்சிருப்பன். இப்ப அங்கை நான் கதைக்கிற இடத்திலை போனே எடுக்கினம் இல்லை” என்றார். அவருக்கும் அங்கே ஒரு தங்கை இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மனுசன் ஊதிப்போயிருக்கவில்லை. சுருங்கிப்போயிருந்தார்.

என்னை மன்னி. ஏஞ்சலாவை ஒளித்து வை.

அக்கா


சேசு மரி சூசை

மாத்தளன் கடற்கரை
21.03.2009

அக்காவுக்கு,

காயக்காரரை ஏற்றும் கப்பலில் போகும் ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். திருகோணமலையில் சிஸ்டர் பெற்றோனிலா என்ற கன்னியாஸ்திரியிடம் சேர்ப்பார். அவர் உங்களுக்கு அனுப்புவார். யாரும் பிரிக்கமாட்டார்கள், அதனால் நேரே எழுதுகிறேன்.

ஏஞ்சலாவைத் தை பதினேழாம் திகதி இயக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அரிசி மூட்டை முடிந்துகொண்டு வந்தது, அக்கா. மூட்டை குறையக் குறைய மறைப்பும் குறைந்தது. நான் அரிசியைச் சமைக்காமல் விட்டிருக்க வேண்டும். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு முறை பார்க்க விட்டார்கள். கட்டையாக மயிர் வெட்டியிருந்தது. வெட்டிய பின்னலை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தாள். எப்போதும் இடுப்பில் கட்டி வைத்திருக்கிறேன்.

இரத்தினவேல் அண்ணையை நான் சுகம் கேட்டது சுகம் கேட்க அல்ல. உங்கள் கொத்தமல்லிக் கடிதத்தை வாசித்து நானும் ஏஞ்சலாவும் சிரித்தோம். “மாமிக்கு விளங்கேல்லை அப்பா” என்றாள். உங்களில் பிழை இல்லை. நேரே எழுதத் துணிவில்லாதவன் நான்.

இன்னொன்று. தெரிவு செய்யப்பட்ட சனம் என்று எழுதியதெல்லாம் கடிதத்தைப் பிரிப்பவர்களுக்காக என்று சொல்லிவிட ஆசை. அது பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நான் நம்பினேன். இங்கே முன்னால் கடல், பின்னால் களப்பு. இரண்டும் பிளக்கவில்லை. மலையை யார் பிடித்திருக்கிறது என்று அந்த அம்மா கேட்டாரே. இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தம்பி


சேசு மரி சூசை

டோர்செட் பார்க்
12.04.2009, உயிர்த்த ஞாயிறு

தம்பி,

சிஸ்டர் அனுப்பிய உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இதைச் சிஸ்டருக்கே அனுப்புகிறேன். எப்படியாவது உன் கையில் சேர்ப்பாராக. இங்கே யூனிவேர்சிற்றி அவெனியூவில் சனம் பகலிரவாகப் பதாகையோடு நிற்கிறது. இரத்தினவேல் அண்ணையும் நானும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். அவர் தங்கையைப் பற்றியும் தகவல் இல்லை.

மிஸிஸ் லெவினுக்கு உன் பதிலைச் சொன்னேன். அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். போலந்தில் அவருக்குப் பதினாறு வயது. ஒரு கன்னியர் மடத்தில் முக்காடு போட்டு ஒளித்து வைத்தார்களாம். சிலுவை அடையாளம் போடப் பழக்கினார்களாம். அண்ணன் ஒருவன் இருந்தான். கடவுள் எங்களைத் தெரிவு செய்திருக்கிறார், நான் வேறு செபம் சொல்லமாட்டேன் என்று வர மறுத்துவிட்டான். பிறகு அவனைக் காணவில்லை. போர் முடிந்த கோடையில் ஒவ்வொரு றெயில் ஸ்ரேசனாக நின்று பார்த்தாராம்.

“நீங்கள் முழங்காலிலை நிண்டது பாவம் இல்லையோ?” என்று கேட்டேன்.

“உயிரோடை இருந்தாத்தான் தெரிவு செய்யப்பட்டவளா இருக்கலாம். செத்தவைக்குச் சட்டம் இல்லை” என்றார்.

தம்பி, எந்தச் செபத்தையும் சொல், எந்தப் பெயரையும் சொல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வா.

அக்கா


வவுனியா முகாம்
08.07.2009

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

எங்களை இங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சோறு தருகிறார்கள். வைகாசியில் அப்பா அம்மாவிடம் போய்விட்டார். என் பின்னலையும் அவரோடு விட்டுவிட்டு வந்தேன். கடற்கரை மண் மென்மையானது, சிரமம் இருக்கவில்லை.

இங்கே வெயில் அதிகம். அதனால் எப்போதும் தலையில் துவாய் கட்டியிருக்கிறேன். மயிர் வளரக் காலம் எடுக்கும். புதன்கிழமைகளில் எல்லோரும் வரிசையில் நிற்போம். முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் வருவார். அவர் பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார். அவர் தெரிவு செய்கிறவர்களைப் படிப்பிக்க வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன புதன் துவாயைக் கழற்றச் சொன்னார்கள். அப்போது மழை வந்து எல்லோரும் ஓடிவிட்டோம்.

எனக்குப் பழைய இருமல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது.

சிஸ்டர் பெற்றோனிலாவை நான் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும்.

மருமகள் ஏஞ்சலா


சேசு மரி சூசை

டோர்செட் பார்க்
02.08.2009

என் செல்ல மருமகளுக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்த அன்றே சிஸ்டருடன் போனில் பேசி, நீ சுகம் விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன். இருமல் என்றதும் எனக்குக் கொத்தமல்லி ஞாபகம் வரவில்லை.

அப்பாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. பிறகு இரண்டு பேருமாக இருந்து அழுவோம்.

உனக்குச் சின்ன வயதிலேயே தேவ அழைத்தல் இருந்தது என்று அப்பா பல தடவை எழுதியிருக்கிறார். அலைச்சலில் நீ மறந்திருப்பாய். மடத்தில் உன் பெயர் பதிந்திருக்கிறதாம். மடத்துப் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சிஸ்டர் மேலிடத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஒரு வியாழக்கிழமை வருவார். வெள்ளை முக்காடு ஒன்று கொண்டு வருவார், நான் தைத்து அனுப்பியது. நெற்றிவரை இழுத்துப் போட்டுக்கொள். வெயிலுக்கு அது நல்லது.

துணி மிஸிஸ் லெவினுடையது. வெள்ளிக்கிழமைகளில் மேசைக்கு விரிக்கும் விரிப்பு, தாயின் சீதனமாக மிஞ்சியது அது ஒன்றுதானாம். கடைத்துணி வாங்குவோம் என்றேன். “இதிலைதான் வெட்டு” என்று கத்தரிக்கோலைத் தானே எடுத்துத் தந்தார். உன் வயதில் அவரும் ஒரு மடத்தில் இருந்தவர். அங்கே வெயில் இல்லை. ஆனாலும் முக்காடு உதவியதாம்.

கேட்க வேண்டியதை நேரே கேள், பிள்ளை. முடியாவிட்டால் சுகம் விசாரி. மாமிக்கு இப்போது காது நன்றாகக் கேட்கும்.

மாமி கிளடிஸ்


சேசு மரி சூசை

வவுனியா முகாம்
27.08.2009

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். மிஸிஸ் லெவினும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இதைச் சிஸ்டர் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போகிறார். அதனால் நேரே எழுதுகிறேன்.

சிஸ்டர் இன்று வந்தார். முக்காடு அழகாக இருக்கிறது. ஓரத்தில் பழைய மெழுகுக் கறை ஒன்று இருக்கிறது. வாசலில் மடத்துப் பிள்ளை என்றுதான் கேட்டார்கள். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிஸ்டரோடு போனது நான் அல்ல.

கோபிக்க வேண்டாம். எனக்குப் பக்கத்தில் படுக்கிறவளுக்குப் பதினைந்து வயது. மாசியில் அவளையும் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டை மயிரைக் கண்டால் இயக்கத்தில் இருந்தவள் என்று தெரிந்துவிடும். என் மயிராவது காதுக்குக் கீழே வந்துவிட்டது, அவளுக்கு இன்னும் இல்லை. நேற்று வரிசையில் முகத்தை மூடி வருகிற அந்த ஆள் அவளுக்கு முன்னால் நின்றுவிட்டான். தலையை ஆட்டவில்லை. அடுத்த கிழமை பார்ப்போம் என்பது போல் போனான். அவள் சைவப் பிள்ளை. சிலுவை அடையாளம் போடத் தெரியாது. இரவிரவாகப் பழக்கினேன். வாசலில் அவள் பிழையில்லாமல் போட்டாள்.

அப்பா கடைசிவரை அந்தப் பேச்சை முழுதாக விடவில்லை, மாமி. கடைசி நாட்களில் இயக்கம் எங்களை அவிழ்த்துவிட்டபோது அவர்கள் தந்த உடுப்பை மண்ணில் புதைத்துவிட்டு ஓடி வந்து அவரைக் கண்டுபிடித்தேன். காயத்தோடு கிடந்தார். “நாங்கள் தெரிவு செய்யப்பட்ட சனம்தான் பிள்ளை, ஆனா ஆராலை எண்டு கேக்காமல் விட்டிட்டன்” என்றார். நான் இங்கே படுத்திருந்து யோசித்தேன். சனம் என்று சொல்லிவிட்டு ஒருத்தி மட்டும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இந்த வரிசையில் கட்டை மயிரோடு என்னைச் சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேருக்கும் தேவ அழைத்தல் இருக்கிறது என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு அழுதார். இன்னும் ஓர் அனுமதிக்குத்தான் தன்னால் முயற்சி செய்ய முடியும் என்கிறார். அடுத்த வியாழன் வருவாராம்.

அந்த மேசை விரிப்பில் துணி மிச்சம் இருக்கிறதா என்று மிஸிஸ் லெவினிடம் கேளுங்கள். வெட்டி அனுப்புங்கள். கிடைத்தால் போடுகிறவர்கள் இருப்பார்கள்.

அடுத்த வியாழனுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இருக்கிறது.

ஏஞ்சலா